கோத்தகிரி பள்ளிக்கு இயற்பியல் அறை: முப்பது மாடலையும் வாங்கலாமா?

கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறீர்கள். பழைய மாணவர்கள் பணம் திரட்டித் தந்திருக்கிறார்கள். காலியாகக் கிடக்கும் வகுப்பறையில், பிள்ளைகள் தொட்டுப் பார்த்துக் கற்கும் இயற்பியல் அறை ஒன்று அமைக்க ஆசை. ஒரு நிறுவனம் முப்பது மாடல்களை ஒரே தொகுப்பாகத் தருவதாகச் சொல்கிறது, அவர்கள் பட்டியலை அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், இதற்கு முன் வேலை பார்த்த பள்ளியிலும் இப்படி ஓர் அறை இருந்தது, ஒரே வருஷத்தில் பூட்டிவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பூட்டு விழாத அறையை மலையில் எப்படி அமைப்பது?

நான் இயற்பியல் படித்தவன். அறிவியல் மையங்களுக்கும் பள்ளிகளுக்கும் காட்சிப்பொருள் செய்து தரும் பட்டறையில் பல வருஷம் இருந்தேன். புதிதாகச் செய்ததைவிடப் பிள்ளைகள் உடைத்ததைச் சரிசெய்ததுதான் அதிகம். இப்போது குன்னூரில் இருக்கிறேன். மரம், இரும்பு, கயிறு, கண்ணாடி, தண்ணீர் சம்பந்தமாக நான் சொல்வதை நம்பிச் செய்யலாம். தொடுதிரை, கம்ப்யூட்டர் வைத்த பொருட்கள் என் கைப்பழக்கத்தில் இல்லாதவை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

சுருக்கமான பதில்: முப்பதும் வேண்டாம். நாலைந்து வாங்குங்கள், ஏழெட்டை அங்கேயே செய்யுங்கள், பணத்தில் கால் பங்கையாவது பழுது பார்ப்பதற்கென்று தொடாமல் வையுங்கள்.

எதை வாங்குவது, எதை விடுவது என்று முடிவுசெய்ய எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான். பிள்ளை அந்தப் பொருளிடம் இரண்டாவது கேள்வி கேட்க முடியுமா? பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, பந்து மிதக்கிறது, அவ்வளவுதான் என்றால் முதல் நாள் கூட்டம் நிற்கும், இரண்டாம் வாரம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிள்ளை ஏதாவது ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ முடிய வேண்டும். மாற்றியதற்குப் பொருள் வேறு மாதிரிப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பட்டியலில் இருக்கும் பிளாஸ்மா உருண்டை அழகானது, விலையும் அதிகம். ஆனால் தொட்டால் ஒளி விரலை நோக்கி வரும் என்பதற்கு மேல் அதில் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்ய ஒன்றும் இல்லை. எஃகு உருண்டைகள் ஒன்றையொன்று மோதும் நியூட்டன் தொட்டில் இந்தச் சோதனையில் நன்றாகவே தேறும். ஒரு உருண்டையை விட்டால் ஒன்று, இரண்டை விட்டால் இரண்டு, அப்போது மூன்றை விட்டால் என்ன ஆகும் என்று அதுவே கேட்க வைக்கும். ஆனால் மேசை மேல் வைக்கும் சின்ன அளவில் வாங்கினால் ஒரு மாதத்தில் உருண்டைகள் தொங்கும் நரம்பெல்லாம் சிக்கிக்கொள்ளும். பெரிதாக, உருண்டைக்கு இரண்டு நரம்பு வீதம் உறுதியான சட்டத்தில் மாட்டியது கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

செய்ய வேண்டியவற்றில் முதலாவதாக நான் சொல்வது ஒரே கயிற்றில் பிணைந்த இரண்டு ஊசல். இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கயிற்றைக் கொஞ்சம் தொய்வாகக் கட்டுங்கள். அதிலிருந்து சம நீளத்தில் இரண்டு நூல், ஒவ்வொன்றின் முனையிலும் மணல் நிரப்பிய ஒரு சின்ன பாட்டில். ஒன்றை மட்டும் ஆட்டிவிட்டு, இன்னொன்றைத் தொடாமல் நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் சும்மா இருந்த பாட்டில் மெல்ல அசையத் தொடங்கும், ஆடிக்கொண்டிருந்தது தளர்ந்துகொண்டே போய் அப்படியே நின்றுவிடும். பிறகு எல்லாம் தலைகீழாகும். யாரோ ஊதிவிட்டார்கள் என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள், போடட்டும். நூல்களில் ஒன்றை ஒரு சாண் குறைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நீளம் மாறியதும் அந்தப் பரிமாற்றம் ஏறக்குறைய நின்றுபோகும். கயிற்றை இழுத்துக் கட்டினால் பரிமாற்றம் மெதுவாகும், தளர்த்தினால் வேகமாகும். ஒத்ததிர்வு என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் வருவதை, ஒரு நாற்பது நிமிஷப் பாடவேளை முழுக்கப் பிள்ளைகள் தாங்களாகவே கிளறிக்கொண்டிருப்பார்கள். செலவென்று பார்த்தால் கயிறும் ஆணியும்தான். இதையே பளபளப்பாக ஒரு பெட்டிக்குள் செய்து, நீளத்தை மாற்ற முடியாதபடி ஒட்டிவிட்டு விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள்.

அடுத்தது, உங்களுக்கு மலை இருக்கிறது. சமவெளிப் பள்ளி எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத காட்சிப்பொருள் அது. இதை ஏனோ மலையில் இருப்பவர்களே கவனிப்பதில்லை. பள்ளி மேடுபள்ளமாக இருக்கிறது, ரோட்டிலிருந்து படி ஏற வேண்டும் என்று குறையாக எழுதியிருந்தீர்கள். அந்தப் படிக்கட்டில்தான் உங்கள் சிறந்த பொருளை வைக்கப் போகிறோம்.

டீ ஊற்றி வைக்கும் நல்ல பிளாஸ்க் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாய்க்கு இறுக்கமான ரப்பர் கார்க், கார்க்கின் நடுவே ஒரு மெல்லிய குழாய். அந்தக் குழாயைக் கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிந்த டியூபோடு சேர்த்து, டியூபை யு வடிவில் ஓர் அட்டையில் கட்டி, அதற்குள் வண்ணம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். யு-வின் மறுமுனை திறந்திருக்க வேண்டும். படிக்கட்டின் அடியில் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி காற்றைச் சமன்செய்து, கார்க்கை அடைத்துவிட்டு மேலே ஏறச் சொல்லுங்கள். உங்கள் உயரத்தில் பத்து மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். தண்ணீர் மட்டங்களுக்கு இடையே சுமார் 1 செ.மீ. வித்தியாசம் தெரியும். காற்றுக்கு எடை உண்டு என்பதை, பத்து மீட்டர் உயரக் காற்றை மட்டும் தனியாக எடுத்துக் கண்ணால் பார்க்கிறார்கள் பிள்ளைகள். கீழே இறங்கினால் தண்ணீர் திரும்பச் சமமாகும். சாதாரண பாட்டிலில் இதைச் செய்ய முடியாது, அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் காற்று ஒரே ஒரு டிகிரி சூடானால் தண்ணீர் கிட்டத்தட்ட 3 செ.மீ. நகர்ந்துவிடும், அதாவது முப்பது மீட்டர் மலையேறிய கணக்கு. பிள்ளையின் உள்ளங்கைச் சூடே போதும். அதனால்தான் பிளாஸ்க். அதையும் கைப்பிடியில் மட்டும் தூக்க வேண்டும், வெயில் படக்கூடாது, மேலே போய் இறங்கி வருவது ஐந்து நிமிஷத்துக்குள் முடிய வேண்டும். கீழே வந்ததும் மட்டம் சமமாகவில்லை என்றால் அந்த அளவை ஒதுக்கிவிடுங்கள். எந்த அளவை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிள்ளைகள் தாங்களே தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பு இதில் கிடைப்பது, எனக்கு அந்த ஒரு செ.மீ.யைவிடப் பெரிதாகப் படுகிறது.

இதன் அண்ணன் ஒன்று இருக்கிறது. வளையாத கண்ணாடி ஜூஸ் பாட்டிலைப் பள்ளியிலேயே திறந்து, காலியாக இறுக்கி மூடி, மேட்டுப்பாளையம் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அங்கே ஒரு வாளித் தண்ணீருக்குள் தலைகீழாக அமுக்கி மூடியைத் திறந்தால் தண்ணீர் தானாக உள்ளே ஏறும். ஒரு லிட்டர் பாட்டிலில் 130 மில்லி அளவில் ஏற வேண்டும். அன்றைய வெப்பநிலையைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும். பஸ்ஸில் மலையேறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதை எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கும், அதையே அளந்து பார்ப்பதுதான் இது. வீட்டுப்பாடமாக இன்னொன்று: கொதிக்கும் தண்ணீரில் வெப்பமானி. கோத்தகிரியில் 94 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும், ஊட்டியில் 93-க்கும் கீழே வரலாம். குக்கர் இல்லாமல் மலையில் பருப்பு வேக ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று பாட்டிகளுக்கு விளக்கம் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

மலை ரயிலை விட்டுவிடாதீர்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தின் மத்தியில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அங்கே ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும். ஒரு பலகையைக் கீல் வைத்து, எந்தக் கோணத்திலும் நிறுத்துகிற மாதிரி செய்யுங்கள், பக்கத்தில் டிகிரி போட்ட கோணமானி ஒன்றை ஒட்டுங்கள். பலகையின் மேல் இரும்புத் தகடு ஒன்றைப் பதித்து, அதன் மேல் அடிப்பக்கம் ரப்பர், மரம், துணி, இரும்பு என்று மாறும் நாலு கட்டைகளை வைத்துப் பலகையைத் தூக்கச் சொல்லுங்கள். எது எந்தக் கோணத்தில் வழுக்குகிறது? இரும்பின் மேல் இரும்பு பெரும்பாலும் பத்து டிகிரியைத் தாண்டித்தான் வழுக்கும். துரு, எண்ணெய், ஈரத்தைப் பொறுத்து எண் மாறிக்கொண்டே இருக்கும், ஒரே விடை வராது என்று முன்பே சொல்லிவிடுங்கள். இப்போது மலை ரயிலின் ஏற்றத்தைப் பலகையில் வைத்துக் காட்டுங்கள். அது ஐந்து டிகிரி கூட இல்லை! எந்தக் கட்டையும் அசையாது. அப்படியானால் பல் சக்கரம் எதற்கு என்று கேட்க ஒரு பிள்ளையாவது இருக்கும். அந்தக் கேள்வி வந்த நாளில் உங்கள் அறை வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை என்னவென்றால், பலகை மேல் இருக்கும் கட்டை தன் எடையை மட்டும் தாங்கினால் போதும். எஞ்சினோ தன் எடையால் கிடைக்கும் பிடிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, தன்னையும் முன்னால் இருக்கும் பெட்டிகள் அத்தனையையும் சேர்த்து மேலே தள்ள வேண்டும். மழையும் மூடுபனியும் அந்தப் பிடிப்பையும் குறைத்துவிடும். அதனால்தான் எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் நாலு சிலிண்டர், இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல் சக்கரத்துக்கு. கட்டைக்குப் பின்னால் நூல் கட்டி ஒரு சின்ன வண்டியை இழுக்க வைத்து, அதில் எடை ஏற்றிக்கொண்டே போனால், இதையும் அந்தப் பலகையிலேயே காட்டலாம். வண்டி கனக்கக் கனக்கக் கட்டை வழுக்கும் கோணம் இறங்கிக்கொண்டே வரும்.

வெயில் வரும் மாதங்களுக்கு முற்றத்தில் ஒரு சூரியக் கடிகாரம். ஒரு கம்பியைச் சரியாக வடக்கு நோக்கி, தரையிலிருந்து 11.4 டிகிரி (அதுதான் கோத்தகிரியின் அட்சரேகை) சாய்த்து நட்டு, அதற்குச் செங்குத்தாக ஒரு வட்டத் தகட்டை மாட்டி 15 டிகிரிக்கு ஒரு கோடு போடுங்கள். தகட்டின் இரண்டு பக்கமும் கோடு வேண்டும். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை வடக்குப் பக்கத்தில் நிழல் விழும், மீதி மாதங்களில் தெற்குப் பக்கத்தில். கடிகாரத்தோடு ஒப்பிட்டால் நேரம் ஒத்துவராது, உங்கள் வேலை தப்பு என்று பயந்துவிடாதீர்கள். நம் கைக்கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. கோத்தகிரி 77 டிகிரிக்கு அருகில் இருப்பதால் நமக்குச் சூரிய உச்சி சராசரியாக 22 நிமிஷம் தாமதமாகத்தான் வரும். அதற்கு மேல் மாதத்துக்கு மாதம் கால் மணி நேரம் வரை கூடிக் குறையும். இதைப் பிள்ளைகளை ஒரு வருஷம் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அந்த 11 டிகிரிச் சாய்வுக்கு இந்த மாவட்டத்திலேயே மிகப் பெரிய உதாரணம் இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970-ல் முடித்த ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அட்சரேகைக்குச் சமமான சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன் மேல் வடக்கு தெற்காக அமைத்தார்கள். அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றிக்கொண்டே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் பின்தொடர முடிகிறது. உங்கள் முற்றத்துக் கம்பியும் அந்தத் தொலைநோக்கியும் ஒரே திசையைப் பார்க்கின்றன என்று சொல்லிக் கொடுங்கள்.

அறையை இருட்டாக்க முடிந்தால் ஜன்னல் அட்டையில் ஓர் ஊசித்துளை. எதிர்ச் சுவரில் விழும் சூரிய பிம்பத்தின் அகலம், துளையிலிருந்து சுவர் வரையுள்ள தூரத்தில் நூற்றுப்பத்தில் ஒரு பங்கு இருக்கும். ஐந்தரை மீட்டர் அறைக்கு 5 செ.மீ. பழனி மலைத்தொடரில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வருகிறது. 1909-ல் எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். ஒரு தடவை பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். துளை வழியாகச் சூரியனைக் கண்ணால் நேரே பார்க்கக் கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வாங்க வேண்டியவை என்று பார்த்தால், உங்கள் பட்டியலிலிருந்து நான் எடுப்பது இவை: பேரிங் வைத்த சுழலும் நாற்காலியும் கைப்பிடியுள்ள சைக்கிள் சக்கரமும், எதிரெதிரே நின்று கிசுகிசுத்தால் கேட்கும் பரவளையக் கிண்ணங்கள் இரண்டு, காந்தம் மெதுவாக இறங்கும் செம்புக் குழாய், முகம் பார்க்கும் வளைந்த கண்ணாடிகள். நான் மேலே சொன்ன பெரிய நியூட்டன் தொட்டில் கிடைத்தால் அதுவும். நிலைமின்சாரம் உண்டாக்கும் வான் டி கிராஃப் எந்திரம் வேண்டாம். நிலைமின்சாரப் பொருள் எதுவும் நம் மழைக்கால ஈரத்தில் வேலை செய்யாது. ஜனவரியில் உறைபனி விழும் வறண்ட நாட்களில் பிள்ளைகளின் ஸ்வெட்டரும் பலூனும் போதும், செலவில்லாமல் பொறி பறக்கும். காற்றில் மிதக்கும் பந்தை வாங்கினால் கூடவே வரும் விளக்கப் பலகையை மாட்டாதீர்கள். வேகமான காற்றில் அழுத்தம் குறைவு என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். பந்தைத் தழுவிக் காற்று வளைந்து போவதுதான் அதைப் பக்கவாட்டில் பிடித்துவைக்கிறது. ஒரு வரியில் அடங்காத விஷயம் அது.

பொதுவாகவே பலகையில் விடையை எழுதாதீர்கள். 'நூலை ஒரு சாண் குறைத்துப் பாருங்கள்' மாதிரி ஒரு வேலையை மட்டும் எழுதுங்கள். படுக மொழி பேசும் பிள்ளைகள் தங்களுக்குள் அதிலேயே வாதாடட்டும், குறும்பர், இருளர் பிள்ளைகளும் அப்படியே. புத்தகத் தமிழில் விடை வர வேண்டும் என்று அந்த அறையில் மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு பொருளிலும் இரண்டு பேர் கை வைக்க இடம் இருக்கட்டும். ஒரு கைப்பிடி மட்டும் இருந்தால் பலசாலிப் பையன் ஒருவன் பிடித்துக்கொள்வான், பெண் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இதை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன்.

இந்த அறையால் மதிப்பெண் உயருமா என்று தலைமை ஆசிரியர் கேட்பார். உயரும் என்று நான் எழுதித் தர மாட்டேன், நீங்களும் அப்படி வாக்குக் கொடுக்க வேண்டாம். பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்பார்கள், பொருளோடு அதிக நேரம் இருப்பார்கள் என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். சான் பிரான்சிஸ்கோவில் 1969-ல் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற தொட்டுப் பார்க்கும் அறிவியல் கூடத்தைத் தொடங்கிய ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், அதற்கு முன் கொலராடோ மலையில் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்த ஊரின் உயரம் ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரம்தான். உலகம் முழுக்க இன்று பார்க்கும் இந்த வகைக் கூடங்களுக்கு முன்மாதிரியானவர், உங்களைப் போல ஒரு மலைப்பள்ளி வகுப்பறையில்தான் பிள்ளைகளோடு சோதனை செய்துகொண்டிருந்தார். தங்கள் காட்சிப்பொருள்களின் செய்முறையையும் எக்ஸ்ப்ளோரடோரியத்தார் மற்றவர்கள் பார்த்துச் செய்யும்படி வெளியிட்டார்கள்.

கடைசியாகப் பழுது. மலையில் இரும்பு துருப்பிடிக்கும், சாதா பிளைவுட் உப்பும், காகிதப் பலகையில் பூஞ்சணம் வரும். எவர்சில்வர் போல்ட், மரைன் பிளைவுட், லேமினேட் செய்த எழுத்து. எந்தப் பாகமும் கோத்தகிரி பஜாரில் கிடைப்பதாக இருக்கட்டும். பேரிங் என்றால் சீலிங் ஃபேன் பேரிங், கயிறு என்றால் நைலான் கயிறு. உள்ளூர்த் தச்சர் ஒருவரையும் வெல்டிங் கடைக்காரர் ஒருவரையும் செய்யும்போதே கூப்பிட்டு வையுங்கள். அவர்கள் கை பட்டதை அவர்களே வந்து சரிசெய்வார்கள். எட்டாம் வகுப்பில் நாலைந்து பேரிடம் ஸ்பானரும் எண்ணெய்க் குப்பியும் கொடுத்து, வெள்ளிக்கிழமை மாலை எல்லா நட்டையும் முறுக்கச் சொல்லுங்கள். செம்புக் குழாய்க்கான காந்தத்தை மட்டும் பிள்ளைகளிடம் தனியாக விடாதீர்கள். இந்த வகை வலுவான காந்தங்களில் சின்னதாக இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும். பெரிய ஒற்றைக் காந்தமாக வாங்கி, நூலில் கட்டிக் குழாயோடு சேர்த்தே வையுங்கள்.

நிறுவனத்திடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த நாலைந்தைத் தனியாகத் தருவார்களா? பின்பக்கத்தை ஒட்டாமல், திருகாணி போட்டுத் திறக்கும்படி செய்து தருவார்களா? இரண்டாவதற்கு மறுத்தால், முதலாவதற்குச் சம்மதித்தாலும் வாங்க வேண்டாம். சுழலும் நாற்காலியை வெல்டிங் கடையிலேயே செய்துவிடலாம், அளவு வேண்டுமானால் இங்கேயே கேளுங்கள், எழுதித் தருகிறேன்.